காலியாக விட்ட கட்டம்

இங்கிலீஷில் பெயர்ச்சொல் என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்கச் சொன்னால் தாகத்தோடு திரும்பி வந்துவிடுவேன். நான் படித்த இங்கிலீஷ் அப்படி. அதை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். தமிழ், கணக்கு, சரித்திரம், தையல் எல்லாம் எடுப்பேன். இங்கிலீஷ் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த நிம்மதி போயிற்று. ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷைப் புது முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டும், டீச்சர்கள் எல்லாம் அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆறு வாரம் பயிற்சி. கடைசியில் அவரவர் பள்ளியில் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் அதே பள்ளியில் இருக்கலாம். தேறாவிட்டால் அந்த இடத்துக்குத் தேறிய ஒருவர் வருவார், தேறாதவர் துறையூருக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஓர் ஊருக்குப் போக வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பாலக்கரையில் ஒரு சந்துக்குள் வீடு. என் வீட்டுக்காரர் அங்கேயே ஓர் அச்சாபீஸில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து வரியாக்கும் வேலை. அந்த வருஷம் சித்திரையில்தான் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து நாற்பது நாள் படுத்துக் கிடந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக் கொடுத்து என் விரல் எல்லாம் பச்சையாகிவிட்டது. சமயபுரத்துக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு நாதி இல்லை. அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய நேரத்தில் இந்த உத்தரவு வந்தது. நான் துறையூரில் ஓர் அறையிலும் அவர் பாலக்கரையில் ஹோட்டல் சாப்பாட்டிலும் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயிற்சி தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு பள்ளியின் மாடியில் நடந்தது. நாங்கள் பெண்கள் இருபத்திரண்டு பேர். சொல்லிக்கொடுத்தவர் பொன்மலைப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுன், கையில் ஒரு நீளக் குச்சி, நேரம் தவறாத கடிகாரம். அவருக்குத் தெரிந்த தமிழ் காய்கறிக்காரியோடு தொடங்கிக் காய்கறிக்காரியோடு முடிந்தது. அந்த மாடியில் ஏறிவிட்டால் ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது.

முதல் நாளே அவர் ஒன்று சொன்னார். அகராதி முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டாம், இலக்கணச் சூத்திரமும் வேண்டாம், இங்கிலீஷில் அடிப்படையாக இருப்பது கொஞ்சம் வாக்கிய அமைப்புகள்தான், அவற்றுக்குப் பேட்டர்ன் என்று பெயர், அது வாயில் படிந்துவிட்டால் வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம் என்றார். கரும்பலகையில் கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் 'திஸ்', அடுத்ததில் 'இஸ்', கடைசிக் கட்டத்தில் கதவு, பெட்டி, டம்ளர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இங்கிலீஷில் எழுதினார். எனக்கு அன்று மனசுக்குள் விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது. புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவளுக்கு இது புரியாதா? இத்தனை வருஷம் இதை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று பழைய வாத்தியார்கள்மேல் கோபம்கூட வந்தது.

மிஸ்ஸிடம் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. சொல்லும் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். கண் முன்னால் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். 'ஐ ஆம் ஓப்பனிங் த டோர்' என்றால் சொல்லும்போதே எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும். லால்குடியிலிருந்து வந்த டீச்சர் ஒருத்தர் வெறுங்கையோடு நின்று, தான் மாம்பழம் சாப்பிடுவதாக இங்கிலீஷில் சொல்லிவிட்டார். "வேர் இஸ் த மேங்கோ?" என்று மிஸ் போட்ட அதட்டலில் அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாள் இருபத்திரண்டு பேர் பையிலும் மாம்பழம். அன்று பேட்டர்ன் படிந்ததோ இல்லையோ, வயிறு நிறைந்தது.

அப்போது முதல் என் துணிப்பையில் இல்லாத சாமான் கிடையாது. டம்ளர், கரண்டி, மணி, பம்பரம், மண் பொம்மை, சீப்பு, பூட்டு. பஸ்ஸில் ஏறினால் கடகடவென்று சத்தம். ஒரு நாள் கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தனிக்குடித்தனம் போறீங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர்தான் வகுப்பு. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, 'ஐ ஆம் கட்டிங் த பிரிஞ்சால்' என்பேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, 'யூ ஆர் கட்டிங் த பிரிஞ்சால்' என்பார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்தை இடவலம் மாறிய நிலையிலேயே கோத்து, ஒரு பிழை இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவார். கட்டம் போட்ட அட்டவணையைக் காட்டியதும் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன இருக்கு? பத்திரிகை மாதிரிதான். 'நிகழும் மங்களகரமான'வும் அப்படியே நிக்கும், 'தங்கள் நல்வரவை'யும் அப்படியே நிக்கும். மாப்பிள்ளை பேரையும் பொண்ணு பேரையும் மட்டும் பிரிச்சு எடுத்துட்டு வேற கோத்தா அடுத்த கல்யாணம்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் இங்கிலீஷில் சண்டை போடுகிறார்கள் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை. இங்கிலீஷில் சண்டை போடுகிற அளவுக்கு எனக்கு வருகிறது என்று நாலு பேர் நினைத்தால் நல்லதுதானே.

நான்காவது வாரம்தான் வினை வந்தது. 'மை நேம் இஸ்', 'ஹர் நேம் இஸ்', 'ஹிஸ் நேம் இஸ்'. இதுதான் அன்றைய பேட்டர்ன். அவள் பேர் என்ன, இவள் பேர் என்ன என்று சொல்லித் தள்ளிவிட்டோம். 'ஹிஸ்' என்று சொல்ல அந்த மாடியில் ஓர் ஆணும் கிடையாது. அதனால் வீட்டிலிருந்து போட்டோ கொண்டுவரச் சொல்லியிருந்தார் மிஸ். எல்லாரும் கல்யாணப் போட்டோவைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தோம்.

முதலில் எழுந்தவர் மண்ணச்சநல்லூர் டீச்சர். 'திஸ் இஸ் மை ஹஸ்பெண்ட்' என்று கணீரென்று சொன்னார். 'ஹிஸ் நேம் இஸ்' என்றார். அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த லால்குடி டீச்சர் சட்டென்று அந்தப் பேரைச் சொன்னார். அடுத்து லால்குடி டீச்சர் முறை. அவரும் 'இஸ்' வரைக்கும் வந்து நின்றார், பேரை நான் சொன்னேன். என் முறை வந்தது. என் வீட்டுக்காரர் பேரைப் பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். புருஷன் பேரை எவளாவது தன் வாயால் சொல்வாளா? கூட வந்தவள் சொல்வாள்.

மிஸ்ஸுக்கு இது தெரியாது. எங்களுக்குப் பேட்டர்ன் கடைசிவரை வரவில்லை, பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டார். "நோ பிராம்ப்டிங்!" என்று குச்சியால் மேஜையில் தட்டினார். எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். திரும்பச் சொல் என்றார். திரும்பவும் 'இஸ்'ஸில் நின்றோம். விஷயம் இதுதான் என்று சொல்லலாம் என்றால் அவ்வளவு இங்கிலீஷ் எங்கள் இருபத்திரண்டு பேரிடம் சேர்த்துப் பார்த்தாலும் இல்லை. தமிழோ பேசக் கூடாது. கடைசியில் மிஸ் நோட்டை எடுத்து நாலைந்து பேர் பெயருக்கு நேராக ஏதோ எழுதினார். என் பெயரும் அதில் இருந்தது. மாதிரிப் பாடத்தில் இதே பேட்டர்னைத்தான் நடத்த வேண்டும், சரியாக வராவிட்டால் தேறியதாக எழுத மாட்டேன் என்று என்னிடம் சொன்னார். அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. வகுப்பு முடிந்து கீழே வந்தபின் அரைகுறைத் தமிழிலாவது அவரிடம் விளக்கியிருக்கலாம். ஆனால், 'பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று பயமாக இருக்கிறது' என்று ஒரு டீச்சர் போய் இன்னொரு டீச்சரிடம் சொல்வதா? நான் பகுத்தறிவெல்லாம் பேசுகிறவள். பூனை குறுக்கே போனால் நிற்க மாட்டேன். இதுவும் வெறும் பழக்கம் என்றுதான் வேறு எந்த வருஷமானாலும் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் என்னால் முடியவில்லை. சித்திரையில் அவர் கண் மஞ்சளாகிக் கிடந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. போன உயிரைப் பிடித்து வைத்திருக்கும்போது அதோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"சொல்லிட்டுப் போயேன். இங்கிலீஷ்லதான சொல்ற?"

"இங்கிலீஷ்ல சொன்னா மட்டும் உங்க பேரு வேற பேராயிடுமா?"

"சொன்னா தேஞ்சா போயிடும்? ஒரு நாளைக்கு எத்தனை மாப்பிள்ளை பேரைக் கோக்கிறேன். எவனுக்காவது ஒண்ணு ஆச்சா?"

"நீங்க அவங்க பொண்டாட்டி இல்ல" என்றேன்.

மறுநாள் அச்சாபீஸிலிருந்து ஒரு பெரிய தாள் கொண்டுவந்தார். வகுப்பில் மாட்டுவதற்கு அந்த அட்டவணையைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார். 'ஹிஸ்', 'நேம்', 'இஸ்' எல்லாம் அதனதன் கட்டத்தில் இருந்தன. கடைசிக் கட்டம் காலி. "என்னிக்கு நீ சொல்றியோ அன்னிக்கு அதைக் கோத்துக்கலாம்" என்றார். கேலிதான். ஆனாலும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

நான் வேறு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளியில் இருந்த ஒரே ஆண் வாட்ச்மேன். பாடத்தன்று அவரை வகுப்பில் கொண்டுவந்து நிறுத்தி 'ஹிஸ் நேம் இஸ்' என்று அவர் பேரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கண் முன்னால் ஆளும் இருக்கிறார், வாக்கியமும் உண்மை. அவரிடம் பேசி, இரண்டு நாள் ஒத்திகையும் பார்த்தேன். வகுப்பில் வந்து நின்றதும் அவர் விறைப்பாக ஒரு சலாம் வைப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சலாம் வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாடம் காலை பதினொரு மணிக்கு. மிஸ் ஜட்காவில் வந்து இறங்கினார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். நாற்பது பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். 'மை நேம் இஸ்' அழகாகப் போயிற்று. 'ஹர் நேம் இஸ்' அதைவிட அழகு. மிஸ் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நான் வாசல் பக்கம் திரும்பி, வாட்ச்மேனை வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். வாசலில் ஆள் இல்லை. முதல் பெஞ்சுப் பெண் குசுகுசுவென்று சொன்னாள்: "டீச்சர், பெரிய டீச்சர் அவரைக் காபி வாங்க அனுப்பிட்டாங்க."

மிஸ்ஸுக்குக் காபி வாங்கத்தான் அனுப்பியிருக்கிறார் தலைமை ஆசிரியை. உபசாரம்!

கை பையைத் துழாவியது. டம்ளர், கரண்டி, பூட்டு. அடியில் கல்யாணப் போட்டோ. அதை எடுத்து மார்பளவில் பிடித்தேன். 'திஸ் இஸ் மை ஹஸ்பெண்ட்' என்றேன். பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். 'ஹிஸ் நேம் இஸ்' என்றேன்.

நின்றுவிட்டேன். எடுத்துக் கொடுக்க லால்குடி டீச்சர் இல்லை. நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டிலும் அம்மா சொல்ல மாட்டாள் அல்லவா? டீச்சர் மாட்டிக்கொண்டாரே என்று முதல் பெஞ்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி பெஞ்சில் பென்சில் காத்திருந்தது. துறையூர் பஸ் என் மனசுக்குள் புறப்பட்டுவிட்டது.

சொல்லிவிட்டேன். முழுப் பேரையும், இனிஷியலோடு.

ஒரு தடவை சொன்னதோடு போயிற்று என்றால் பரவாயில்லை. புது முறை அப்படி விடாது. டீச்சர் ஒரு தடவை சொன்னால் வகுப்பு சேர்ந்து சொல்ல வேண்டும், பிறகு வரிசை வரிசையாக, பிறகு ஒவ்வொருவராக. நாற்பது பெண் குழந்தைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். முதலில் பயந்தவர்கள், டீச்சரே சொல்லிவிட்டார் என்றதும் குஷியாகிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பேர் தெருவரை கேட்டது. ஒரு தடவைக்கு ஆயுசில் ஒரு நாள் என்றாலும் எத்தனை நாள் போயிற்று என்று நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் காபித் தூக்கோடு வந்து சலாம் வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மிஸ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெரி நேச்சுரல்" என்றார்.

நான் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே நின்று, பஸ் நகராமல் கிடந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பாஸாகிவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு பொட்டு இல்லை. பாலக்கரையில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக அச்சாபீஸுக்கு ஓடினேன்.

அவர் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று ஏதோ கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மை. கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

"என்னங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன? நீ என்ன இந்நேரத்துல? பாடம் என்னாச்சு?"

"பாஸாயிட்டேன்." மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேங்க."

"எதை?"

"அதைத்தான்."

கையில் இருந்ததைக் கீழே வைத்தார். வாட்ச்மேன் என்ன ஆனார் என்று கேட்டார். காபி கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன் கிளாஸ்ல நான் கொடுத்த பிள்ளையார் காலண்டர் மாட்டியிருக்கே?" என்றார்.

"ஆமா. போர்டு பக்கத்துல."

"அவரைக் காட்டி, ஹிஸ் நேம் இஸ் பிள்ளையார்னு சொல்லியிருந்தா மிஸ் வேணாம்னா சொல்லப் போறாங்க?"

கையெட்டும் தூரத்தில் பிள்ளையார் இருந்தார். ஒரு வருஷமாக அங்கேதான் இருந்தார்.

"தோணலீங்க" என்றேன்.

"தோணலியா?" என்று என் முகத்தையே பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. மை படியாத புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க என்னைக் கம்பாசிட்டர்ங்கறாங்க. தெருவுல டீச்சர் வீட்டுக்காரர். நீ 'என்னங்க'ன்னு கூப்பிடற. ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் நாள் முழுக்கக் கோக்கிறேன். அம்மா போனதுக்கப்பறம் என் பேரை வாய் நிறையச் சொன்ன ஆளு நீதான். அதையும் நான் கேக்கலை பாரு."

அப்படி ஒரு குறை அவருக்கு இருக்கிறது என்று எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியாது. அவர் ஆயுசுக்காக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத்தான் அவர் கேட்கத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அச்சாபீஸில், மிஷின் கடகடவென்று ஓடுகிற சத்தத்தில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். 'யுவர் நேம் இஸ்' என்று தொடங்கித்தான் சொன்னேன். தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை.

அன்று மாலை அந்த அட்டவணையில் இன்னொரு தாள் அடித்துக் கொண்டுவந்தார். கடைசிக் கட்டத்தில், பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் போடுகிற தடித்த எழுத்தில், அவர் பேர். அடுத்த மாதம் சமயபுரத்துக்கு நடந்து போனபோது அவரும் கூடவே நடந்தார். வழி நெடுக, 'வாட் இஸ் மை நேம்?' என்று கேட்டுக்கொண்டே வந்தார். கூட நடந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

துறையூரை நான் பார்க்கவே இல்லை. அதே பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றேன். அவர் ஆயுசுக்கும் ஒரு குறையும் வரவில்லை. எண்பதைத் தாண்டியாயிற்று. இப்போது கூட நான் எழுதுவதைப் பின்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தார்.

"இவ்வளவு எழுதியிருக்க. என் பேரு எங்க?"

"எழுதலீங்க. யார் பேரையும் எழுதலை."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு அடுத்த அறையிலிருந்து, "வாட் இஸ் மை நேம்?" என்று குரல் வந்தது.

பேனாவை வைத்துவிட்டுச் சொன்னேன். அவருக்கு இப்போது காது மந்தம். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.